இணையத்தளம் அமைக்கக் கற்பது: எங்கிருந்து தொடங்குவது?

மதிப்பிற்குரிய ஐயா,

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் வசிக்கிறேன், தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. இணையத்தளம் உருவாக்கும் தொழிலுக்கு மாற விரும்பி மூன்று மாதங்களாக முயன்று வருகிறேன். ஒருவர் இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற கருவித்தொகுப்பைப் படிக்கச் சொன்னார்; இன்னொருவர் பைத்தான் என்ற நிரல்மொழி போதும் என்றார். மூன்று பாடத்திட்டங்களைத் தொடங்கி, என் சோம்பலால் மூன்றையும் பாதியில் விட்டுவிட்டேன். கட்டணம் கட்டி ஆறு மாத வகுப்பில் சேரலாமா, தனியாகவே படிக்கலாமா? ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு எனக்கு எளிது. தமிழ் பள்ளியில் படித்தது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சோம்பலைக் காரணமாகச் சொல்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று பாடத்திட்டங்களிலும் முதல் பத்துப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கும். ஒவ்வொரு முறை வழி மாறும்போதும் எளிய பகுதியையே திரும்பப் படித்து, கடினமான பகுதி தொடங்கும் இடத்தில் மறுபடி வழி மாறியிருக்கிறீர்கள். எனவே எந்தப் பாடத்திட்டம் என்று கேட்பதற்கு முன், எந்தப் பக்கத்தைச் செய்து முடிக்கப் போகிறேன் என்று முடிவு செய்யுங்கள்.

உங்கள் ஊர்க் கோவிலின் தைப்பூசக் காவடி அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விரத நாட்களின் பூசை நேரங்கள், ஊர்வலம் புறப்படும் இடம், தொடர்பு எண் ஆகியவை தமிழிலும் பிரெஞ்சிலும் கிரியோலிலும் இருக்க வேண்டும். இந்த ஒரு பக்கம் உங்களை வரிசையாக எல்லாவற்றுக்கும் அழைத்துச் செல்லும். எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்று, பக்கத்தின் அமைப்பைக் குறிக்கும் மொழியான எச்டிஎம்எல்லில் எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதியும் எந்த மொழியில் உள்ளது என்று அதிலேயே குறிக்க வேண்டும், இல்லையேல் பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழைப் பிரெஞ்சு ஒலியில் வாசிக்க முயலும். பிறகு பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ். தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால், பிரெஞ்சுக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது என்பதைக் கைபேசித் திரையில் நீங்களே காண்பீர்கள். அதன் பின்னர்தான் பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்: மொழியை மாற்றும் பொத்தானுக்கும், தேதி காட்டுவதற்கும் அது தேவை. நம் மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் இருப்பதுபோல் தமிழ் எண்களில் தேதி வேண்டுமானாலும் அது எழுதித் தரும்.

காவடி எடுப்பவர்கள் பெயரைப் பதிவு செய்ய ஒரு படிவம் சேர்த்துப் பாருங்கள். பெயர் இத்தனை எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும் என்று நீங்கள் வரம்பு வைத்தால், ‘தமிழ்’ என்ற சொல்லை ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான நீளக் கணக்கு ஐந்து என்று எண்ணும். நமக்கு அது மூன்று எழுத்து. கணினிக்கோ இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி எண்கள். இதை நீங்களே தடுக்கி விழுந்து கண்டுபிடித்தால், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யுனிகோட் என்றால் என்ன என்பது வாழ்நாளுக்கும் மறக்காது. பதிவான பெயர்களை எங்கே சேமிப்பது என்ற கேள்வி எழும்போதுதான் சேவையகமும் (பக்கத்தை அனுப்பித் தரும் கணினி) தரவுத்தளமும் (தகவலைச் சேமிக்கும் இடம்) வேண்டியிருக்கும். பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதும் நோடா என்று அப்போது முடிவு செய்யலாம். நான் நோடைத்தான் சொல்வேன். கற்ற மொழியிலேயே தொடர்வது மாலையில் படிப்பவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

ரியாக்ட்டை முதலில் படிக்க வேண்டாம் என்பதற்கு என் அனுபவமே காரணம். 2006இல் வெளிவந்த, ஜாவாஸ்கிரிப்டின் மேல் கட்டிய ஜேகுவெரி என்ற கருவித்தொகுப்பு தெரிந்தால் போதும், வேலை கிடைக்கும் என்று சொல்லப்பட்ட காலத்தில் நான் இத்தொழிலுக்கு வந்தேன். அதை மட்டுமே அறிந்திருந்தவர்கள், 2013இல் வெளிவந்த ரியாக்ட் பரவிய பிறகு, அடியில் இருந்த ஜாவாஸ்கிரிப்டையே புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. நானும் அவர்களில் ஒருவன். டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் இணையத்தளத்தை ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் 2013இல் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. கருவிகள் மாறினாலும் அடிப்படை நிலைக்கிறது: அந்த எச்டிஎம்எல் பக்கம் இன்று உங்கள் கைபேசியிலும் திறக்கும். வேலை விளம்பரங்கள் ரியாக்ட் கேட்பது உண்மைதான். அதையும் படிக்கத்தான் வேண்டும், ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பக்கத்தைத் தனியாகச் செய்து முடித்த பிறகு.

மொழியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இணையத் தொழில்நுட்பங்களை விளக்கும், மொசில்லா அமைப்பின் எம்டிஎன் ஆவணங்கள் பிரெஞ்சிலும் உள்ளன. எச்டிஎம்எல்லின் சொற்களிலும் ஆர்ட்டிக்கிள், செக்‌ஷன், டேபிள் போன்றவை பிரெஞ்சில் நீங்கள் எழுதும் அதே எழுத்துக்கூட்டல் கொண்டவை.

இலவசப் பாடங்களில் ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட் இரண்டும் நல்லவை. முதலாவதின் பயிற்சிகளை உலாவியிலேயே செய்யலாம், பழைய கணினியும் போதும். இரண்டாவது தொடக்கத்திலேயே லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் சூழலை அமைத்துக்கொள்ளச் சொல்லும். கடினம்தான், ஆனால் தொழிலில் நாங்கள் வேலை செய்யும் விதத்துக்கு நெருக்கமானது. கணினி தாங்குமானால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பாடத்தில் கற்றதை அன்றைய இரவே கோவில் பக்கத்தில் ஓர் இடத்தில் பயன்படுத்துங்கள்.

கட்டண வகுப்பில் சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் நிரலை வாரந்தோறும் வாசித்துத் திருத்தப் போகிறவர் யார்? காணொளிகளும் சான்றிதழும் மட்டும்தான் பதிலென்றால் பணத்தைக் கட்டாதீர்கள், அவை இலவசமாகவே கிடைக்கின்றன. திருத்துபவர் ஒருவர் உண்டு, ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கவும் விடுவார்கள் என்றால், பணத்துக்கு ஏற்ற பயன் இருக்கும்.

முதலில் பூசை நேர அட்டவணையை மட்டும் எச்டிஎம்எல்லில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நிறமோ அலங்காரமோ வேண்டாம். வரி வரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.