சாவி முதலில் கைக்கு வரட்டும்

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மருத்துவமனையில் சேர்ப்பதும் டிஸ்சார்ஜ் ஆவதுமாகவே வருடங்கள் போகின்றன. அரசுக் குடியிருப்பில் வீடு கேட்டால், "ஒரு வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். அதுதான் நியாயம் என்று உறவினர்களும் சொல்கிறார்கள், எனக்குத்தான் மனது ஒப்பவில்லை. - ஒரு வாசகி

பதில்: ஒப்பாமல் போனது சரிதான், அந்த நிபந்தனையில் நியாயமே இல்லை. தங்க இடமில்லாத மனிதர் மாத்திரையை எங்கே பத்திரமாக வைப்பார், எப்போது நிம்மதியாகத் தூங்குவார், மருத்துவமனை அனுப்பும் கடிதம் எந்த முகவரிக்குப் போகும்? பல நாடுகளில் நீண்ட காலம் இப்படித்தான் நடத்தினார்கள். முதலில் விடுதி, நன்றாக நடந்துகொண்டால் கூட்டு வீடு, எல்லாம் தேறினால் கடைசியில் தனி வீடு. நடுவில் நோய் கூடிவிட்டால் மறுபடி தெருதான். 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைப் புரட்டிப் போட்டார். தெருவில் இருந்தவர்களுக்கு முதலிலேயே சாதாரண வாடகை வீடு; சிகிச்சை எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம், ஆனால் ஊழியர் தவறாமல் வீட்டுக்கு வந்து பார்ப்பார். 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்' என்று இதற்குப் பெயர்.

கனடா இதை 5 நகரங்களில், வீடில்லாத, மனநோயுள்ள 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 2009 முதல் 2013 வரை சோதித்துப் பார்த்தது. கடைசி ஆறு மாதங்களில் இந்த முறையில் வீடு பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் முழு நேரமும் தங்க வீடு உள்ளவர்களாகவே இருந்தார்கள். வழக்கமான சேவை மட்டும் கிடைத்தவர்களில் 31 சதவீதம்தான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நோயின் அறிகுறிகள் இரண்டு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் குறைந்தன. வீடு கிடைத்ததும் தம்பி குணமாகிவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நோயால் காதில் குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு மனிதர் தன் வீட்டில் வாழ முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

விண்ணப்பத்தோடு சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். வாடகை ஒப்பந்தம் தம்பி பெயரில் இருக்க வேண்டும். மறுபடி மருத்துவமனையில் சேர நேர்ந்தால் வீட்டை அவருக்காக எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை மறக்காமல் கேளுங்கள், ஏனென்றால் நிறையப் பேர் வீட்டை இழப்பது இங்கேதான்: உள்ளே இருக்கும் வாரங்களில் வாடகை பாக்கி ஏறும், நோட்டீஸ் பூட்டிய கதவில் ஒட்டப்படும், வெளியே வரும்போது போக இடமிருக்காது. பாக்கி விழுந்தால் நோட்டீஸ் அனுப்பும் முன் யாருக்குச் சொல்வார்கள் என்பதும் தெரிய வேண்டும். தம்பி சம்மதித்தால் உங்கள் பெயரையே கொடுங்கள்.

கேள்வி: நான் குடியிருப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு ஒதுக்கியும் சிலர் நிலைப்பதில்லை. சத்தம், குப்பை, பக்கத்து வீட்டார் புகார், கடைசியில் காலி செய்யவைக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் வீடு கொடுத்து என்ன பயன்?

பதில்: உங்கள் சலிப்பு புரிகிறது, ஆனால் சாவியைக் கொடுத்த பிறகு அந்த வீட்டுக்கு யார் போனார்கள்? அமெரிக்காவில் 1955-ல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். 1963-ல் சட்டம் போட்டு, ஊருக்குள்ளேயே மனநல மையங்கள் கட்டுவோம் என்றார்கள். நோயாளிகள் வெளியே அனுப்பப்பட்டார்கள், ஆனால் திட்டமிட்ட மையங்களில் பெரும்பகுதி வரவே இல்லை, எத்தனையோ பேர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஆதரவில்லாத வீட்டிலும் சின்ன அளவில் இதுதான் நடக்கிறது.

நல்ல மாதிரியும் அங்கேயே, மேடிசன் நகரில், 1970-களில் உருவானது. மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், வேலை தேட உதவுபவர் எல்லாரும் ஒரே குழுவாகச் சேர்ந்து நோயாளி இருக்கும் இடத்துக்கே போவார்கள், ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஓர் ஊழியர் என்ற கணக்கில். இப்போது பல குழுக்களில் தாங்களே மனநோயோடு வாழ்ந்த அனுபவம் உள்ளவர்களும் ஊழியராக இருக்கிறார்கள். கதவைத் திறக்க மறுப்பவர் சில சமயம் அவர்களுக்குத்தான் திறக்கிறார். எல்லாருக்கும் இவ்வளவு தேவைப்படாது, பலருக்கு வாரம் ஒருமுறை ஒருவர் வந்தாலே போதும். உங்கள் அலுவலகம் செய்யக்கூடியது: முதல் புகார் வந்த அன்றே இந்தக் குழுவை அழைப்பது. குப்பை சேருவதும் கதவு திறக்காமல் இருப்பதும் நோய் கூடுவதன் அடையாளமாக இருக்கலாம், நோட்டீஸால் அது குறையாது. பக்கத்து வீட்டாருக்கும் ஒரு தொலைபேசி எண் கொடுங்கள். இரவில் அழைத்தால் யாராவது எடுக்கும் எண்ணாக அது இருக்கட்டும்.

கேள்வி: மனநோய் உள்ளவர்களுக்கென்றே தனிக் கட்டடம் கட்டிவிட்டால் எல்லாருக்கும் வசதிதானே?

பதில்: யாருக்கு வசதி? நூறு பேரை ஒரே கட்டடத்தில் வைத்து வாசலில் காவலாளியைப் போட்டால் அது பழைய மனநலக் காப்பகம்தான், பெயர்ப்பலகை மட்டும் புதிது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்று 2006-ன் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 19-வது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. இரவும் பகலும் ஊழியர் இருக்கும் சின்ன வீட்டைச் சிலர் விரும்பிக் கேட்பார்கள், அதுவும் கட்டாயம் வேண்டும். மற்றவர்களுக்குச் சாதாரணக் குடியிருப்புகளில், ஒரு மாடியில் ஒன்று, அடுத்த தெருவில் ஒன்று என்று ஒதுக்குங்கள், எந்த வீடு என்பதை அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.