நம்பிக்கையில் ஓட்டையா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

எட்டு மாதத்துக்கு முன்னால் வேலை போனது. அப்புறம் கடன். இப்போது மனைவிக்கு அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்கிறார்கள். சின்ன வயதிலிருந்து கடவுளைக் கும்பிடாமல் நான் வெளியே கிளம்பியதில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "முழுசா நம்பியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா? உன் நம்பிக்கையில எங்கேயோ ஓட்டை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தூக்கமில்லை. நம்பினவர்களை ஆபத்திலிருந்து கடவுள் காப்பாற்றுவார் என்பது உண்மைதானா? டாக்டர்களையும் நண்பர்களின் பண உதவியையும் நாடி ஓடுவதே நம்பிக்கைக் குறைவோ என்றும் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த உறவினர் சொன்னதைத் தூக்கிப் போடுங்கள். கஷ்டத்தில் இருப்பவனிடம் போய் அவன் பக்தியை அளந்து பார்க்கும் வேலையைக் கடவுள் யாருக்கும் கொடுக்கவில்லை. நம்பினவனுக்கு ஆபத்தே வராது என்று எந்தச் சமயமும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பிரகலாதனுக்கு வந்தது, பைபிளில் வரும் யோபுவுக்கு வந்தது, யூனுஸ் நபி மீன் வயிற்றின் இருட்டுக்குள் கிடந்துதான் இறைவனைக் கூப்பிட்டார். இவர்கள் நம்பிக்கையில் எல்லாம் ஓட்டையா?

அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை ஆவது நமச்சி வாயவே' என்று பாடினார், கல் தெப்பமாக மிதந்தது. எல்லோரும் மிதந்த கல்லைத்தான் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய நொடிதான் பெரிது. பெரியபுராணத்தில் சேக்கிழார் அந்த இடத்தில் ஒரு வரி வைக்கிறார்: 'எப்பரிசு ஆயினும் ஆக, ஏத்துவன் எந்தையை.' எது வேண்டுமானாலும் நடக்கட்டும், நான் என் அப்பனைப் பாடுவேன். கல் மிதக்குமா மூழ்குமா என்று தெரியாத நேரத்தில் சொன்னது இது, மிதந்த பிறகு சொன்னதில்லை.

பைபிளில் தானியேல் புத்தகத்தில் மூன்று பேர் இதையேதான் சொல்கிறார்கள். பொற்சிலையை வணங்காவிட்டால் எரிகிற சூளையில் போடுவேன் என்கிறான் நேபுகாத்நேச்சார். எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர், விடுவிக்காமல் போனாலும் உன் சிலையை வணங்கமாட்டோம் என்று நேருக்கு நேராகச் சொல்கிறார்கள். அந்த 'போனாலும்' இருக்கிறதே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள்: சூளை அணையவில்லை. ஏழு மடங்கு சூடேற்றிய தீ அப்படியே எரிகிறது, உள்ளே மூன்று பேருக்குப் பதில் நான்கு பேர் உலாவுகிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். அப்பாவை முதல் முறை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த ராத்திரி, அவருடைய மூக்குக்கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நர்ஸ் என் கையில் கொடுத்தார். கண்ணாடியில் அப்பாவின் விரல் ரேகை படிந்திருந்தது. துடைக்க மனம் வராமல் விடியவிடிய அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, காப்பாத்து, காப்பாத்து என்பதைத் தவிர வேறு வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா பிழைத்தார். மூன்று வருஷம் கழித்து மறுபடி அதே மாதிரி ராத்திரி, அதே கண்ணாடி, அதே வேண்டுதல். இந்த முறை அவர் திரும்பவில்லை. வேண்டிக்கொண்டவள் அதே நான்தான் தம்பி, நம்பிக்கையும் அதேதான், ஒரு துளி குறைந்திருக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இயல்பில் நான் பயந்தாங்கொள்ளி, ரத்தம் பார்த்தாலே தலை சுற்றும். அந்தக் கடைசி இரண்டு மணி நேரம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பிடித்த பழைய கதைகளைக் குரல் நடுங்காமல் பேசிக்கொண்டே இருந்தேன். அந்தத் தெம்பு என்னுடையது இல்லை. யாரோ கூடவே இருந்தார், அதை எப்படி நிரூபிப்பது என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். முதல் ராத்திரி அப்பாவைக் காப்பாற்றினார், இரண்டாவது ராத்திரி என்னைக் காப்பாற்றினார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

சரி, டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தில், இயேசுவைப் பற்றி ஊர் ஊராகச் சொன்ன பவுல் போன கப்பல் பதினாலு நாள் புயலில் அலைகிறது. கப்பலில் 276 பேர். ஒருவர் உயிரும் போகாது, கப்பல் மட்டும்தான் போகும் என்று பவுலுக்குக் கடவுள் வாக்கே கொடுத்துவிட்டார். அதற்காகப் பவுல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. படகை இறக்கி நழுவப் பார்த்த கப்பலாட்களைத் தடுக்கச் சொல்கிறார், பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிட வைக்கிறார். கடைசியில் கப்பல் உடைகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டும் 276 பேரும் கரை சேர்கிறார்கள். வாக்கு நிறைவேறியது உடைந்த பலகைகள் வழியாகத்தான். உங்கள் டாக்டர் ஒரு பலகை, கடன் கொடுக்க முன்வரும் நண்பர் ஒரு பலகை. கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்தபடியே கும்பிடுங்கள். அழுகை வந்தால் அழுதுகொண்டே கும்பிடுங்கள், அதில் தப்பே இல்லை.

ராத்திரி தூக்கம் வராதபோது நீளமாக ஜெபிக்கவோ பாராயணம் செய்யவோ முயலவேண்டாம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்குப் பழக்கமான இறைவன் பெயரை மெதுவாகச் சொல்லுங்கள். அவருக்கும் பயம் இருக்கும், உங்களிடம் காட்டாமல் இருப்பார்.

அறுவை சிகிச்சை எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம், மனைவியின் பெயர் மட்டும் போதும். அவரை உள்ளே அழைத்துப்போகும் நேரத்தில் அந்தப் பெயரைச் சொல்லி நானும் இங்கே உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா