75 சதவீதம் சரி என்றால் சுண்டெலி கற்றுவிட்டதா?

கேள்வி: திரையில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு கோட்டுப் பட்டை தோன்றும். முன்னங்கால்களால் சக்கரத்தைத் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் சுண்டெலிக்கு ஒரு சொட்டு இனிப்பு நீர். எங்கள் எலி ஒன்று மூன்று நாளாக 75 சதவீதத்திலேயே நிற்கிறது. கற்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா? (ஓர் ஆராய்ச்சி மாணவி)

பதில்: அந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். காண்ட்ராஸ்ட் (பட்டை பின்னணியிலிருந்து எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்ற அளவு) 0 என்றால் திரையில் எதுவுமே இல்லை; இரு பக்கமும் சமமாக வரும் கட்டத்தில் அங்கே எந்த எலிக்கும் பாதிதான் சரியாகும். 6.25 சதவீதமும் மங்கல்தான். இவையெல்லாம் சேர்ந்திருந்தால், நன்றாகக் கற்ற எலியின் மொத்தக் கணக்குகூட 75-ல் நிற்கலாம். வெறும் 50, 100 சதவீதக் காண்ட்ராஸ்ட் மட்டும் காட்டப்படும் எலிக்கு அதே 75 போதாது.

எனவே 50, 100 சதவீதக் காண்ட்ராஸ்ட் ட்ரையல்களை (பட்டை ஒருமுறை தோன்றுவது ஒரு ட்ரையல்) தனியே எடுத்து, சரியானவற்றைப் பக்கவாரியாக எண்ணுங்கள். இடப்பக்கம் 60 சதவீதம், வலப்பக்கம் 98 சதவீதம் சரி என்றால் சராசரி 79. இரு பக்கமும் 79 என்றாலும் அதே சராசரிதான். ஆனால் முதல் எலிக்கு ஒரு பக்கமே திருப்பும் பழக்கம். பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் நீர்க்குழாய் வாய்க்கு நேராக இருக்கிறதா, சக்கரம் இரு திசையிலும் ஒரே மாதிரி சுழல்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டாவது எலி பட்டை பளிச்சென்று தெரியும்போதும் தவறுகிறது. அதற்கு இன்னும் சில நாள் கொடுங்கள்.

தவறுக்குப் பின் அதே ட்ரையலை மீண்டும் காட்டும் ஏற்பாடு இருந்தால், அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். தோற்றவுடன் மறுபக்கம் திருப்பினாலே அங்கே பரிசு கிடைத்துவிடும். பட்டையைப் பார்க்கவே தேவையில்லை.

அளவுகோல் வேண்டுமென்றால், இன்டர்நேஷனல் பிரைன் லேபரட்டரி என்ற பல ஆய்வகங்களின் கூட்டமைப்பு 2021-இல் 7 ஆய்வகங்களின் 140 சுண்டெலிகளை வைத்து வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று செஷனில் (பயிற்சி அமர்வில்) 200-க்கு மேல் ட்ரையல், எளியவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் சரி, கூடவே காண்ட்ராஸ்டுக்கு ஏற்ப எலி எந்தப் பக்கத்தைத் தேர்கிறது என்று காட்டும் வளைகோட்டின் பக்கச் சாய்வும் எளிய ட்ரையல்களில் வரும் தவறும் வரம்புக்குள் இருக்க வேண்டும். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் அவைதான்.

அப்புறம் நேரம். தாகம் தீர்ந்த எலி கால்களைச் சக்கரத்தில் சும்மா வைத்தபடி உட்கார்ந்திருக்கும். கடைசி 20 ட்ரையல்களின் பதில் நேரத்தை முழு செஷனின் இடைநிலை (மீடியன்) நேரத்தோடு ஒப்பிடுங்கள். பல மடங்கு நீண்டிருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். உங்கள் 75 அங்கேயே மாறிவிடக்கூடும்.