பழைய பிக்கப்புக்கு வேறு எஞ்சின்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: எங்களிடம் 1992 ஆம் ஆண்டு ஹைலக்ஸ் பிக்கப் இருக்கிறது, நான்கு சில்லு இழுவை, 2எல் டீசல் எஞ்சின். எண்ணெய் குடிக்கிறது, மூன்றாம் கியர் நிற்பதில்லை. எஞ்சினையும் கியர் பொக்ஸையும் மச்சானும் நானும் வீட்டு வளவில் வைத்து மாற்ற நினைக்கிறோம். இதற்கு முன் செய்ததில்லை. எதிலிருந்து தொடங்குவது? (ஒட்டுசுட்டான்)

பதில்: நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள். காலபோக நெல்லை ஏற்ற வேண்டிய மாசி, பங்குனியில் வண்டி கட்டையில் நிற்குமானால், வாடகை லொறிக்குக் கொடுக்கும் காசு நீங்கள் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். ஆகவே வாங்கிய எஞ்சின் வளவுக்குள் வந்து, பழையதோடு அளவுகள் ஒத்துப் பார்த்து முடியும்வரை எதையும் கழற்ற வேண்டாம்.

முதல் முறை கை வைப்பவர் அதே குடும்பத்து எஞ்சினைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்களுடைய 2எல் (இது லீட்டர் கணக்கல்ல, எஞ்சினின் மாதிரிப் பெயர்) 2446 சிசி. அதே குடும்பத்தில் 3எல் 2779 சிசியும் 5எல் 2986 சிசியும் உண்டு. இவற்றில் ஒன்றைப் போட்டால் எஞ்சின் தாங்கிகளையும் கியர் பொக்ஸ் பொருத்தத்தையும் வெட்டி ஒட்டும் வேலை பெரும்பாலும் மிஞ்சாது. ஆனால் பாவித்த உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் உங்கள் முன் வைக்கப்படும் 3எல், டொல்பின் வானிலிருந்து இறங்கியதாக இருக்கலாம். வானின் எண்ணெய்ச் சட்டி உங்கள் பிக்கப்பின் முன் டிபரென்சலோடு முட்டும். உங்கள் பழைய சட்டியையும் அதற்குள் இருக்கும் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் கழற்றி அதில் பூட்ட வேண்டும். பழைய எஞ்சினை இரும்புக்கு விற்க அவசரப்படாதிருப்பதற்கு இது ஒன்றே போதும்.

கியர் பொக்ஸை நான்கு சில்லு இழுவை வண்டியிலிருந்து, இழுவையை முன் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டியோடு சேர்த்தே வாங்குங்கள். வானின் கியர் பொக்ஸ் விலை குறைவென்று எடுத்தால் அதன் பின்பக்கம் உங்களுக்கு உதவாது. கிளட்ச் தட்டின் விட்டம், நடுத்துளையின் பல் எண்ணிக்கை, கார்டன் தண்டின் நீளம் ஆகிய மூன்றையும் கடையிலேயே அளந்து பாருங்கள்.

எஞ்சினைத் தரையில் வைத்து, பற்றரி கொடுத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்து புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. பின்னர் நான்கு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளக்க வேண்டும். வெள்ளிப் பூச்சு அடித்த எஞ்சின் என்றால் சிலிண்டர் தலையின் போல்ட்டுகளைக் குனிந்து பாருங்கள். நான் வானுக்கென்று வாங்கிய ஒன்றில் பூச்சு பளபளத்தது; போல்ட்டின் மூலைகளில் மட்டும் சாவி பிடித்த புதுத் தழும்புகள் பூச்சைக் கிழித்துக்கொண்டு தெரிந்தன. சூடேறி வெடித்த தலையை யாரோ அண்மையில் திறந்து மூடியிருந்தார்கள் என்பது காசு கைமாறிய பிறகே எனக்கு உறைத்தது.

பாலைமரக் கிளையில் செயின் புளொக்கைக் கட்டித் தூக்குவதை மட்டும் மறந்துவிடுங்கள். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். இரும்பு முக்காலியை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது பெரிய செலவல்ல.

கேள்வி: எஞ்சினை இறக்கும்போது கிளட்ச் தட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதையே திரும்பப் போடலாமா? (பரந்தன்)

பதில்: கூடாது. தட்டு, அமுக்கத் தட்டு, ரிலீஸ் பெயாரிங், பின்பக்க எண்ணெய் சீல், டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் இப்போதே மாற்றுங்கள்.

கேள்வி: முகநூலில் படம் பார்த்து 1கேஇசட்-டிஇ டர்போ எஞ்சினுக்கு முழுப் பணமும் அனுப்பினேன். எஞ்சின் வந்தது, கணினிப் பெட்டியும் வயர்களும் வரவில்லை. என் பழைய பிக்கப்பில் ஓட வைக்க வழி உண்டா? (மாங்குளம்)

பதில்: அந்த எஞ்சினின் டீசல் பம்பை இயக்குவதே கணினிப் பெட்டிதான் என்பதை வாங்கும் முன் எந்தக் கராஜ்காரரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நேரில் பார்க்காமல் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டு வழி கேட்கிறீர்கள். அதே மாதிரி எஞ்சினுக்குரிய பெட்டி, முழு வயர்த் தொகுதி, உணரிகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால், குறைபாட்டைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.

கேள்வி: மீன் ஏற்றும் பிக்கப்புக்குப் பாவித்த கியர் பொக்ஸ் வாங்கிப் பூட்டினோம். சில நாட்களிலேயே இரண்டாம் கியர் தானாகக் கழன்று வருகிறது. கடைக்காரர் ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டுகிறார். பற்றுச்சீட்டில் ‘கியர் பொக்ஸ் 1’ என்று மட்டுமே உள்ளது. (முல்லைத்தீவு)

பதில்: உங்கள் மீது தவறில்லை. உள்ளே தேய்ந்த பல்லை வெளியிலிருந்து எவராலும் பார்க்க முடியாது. 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், பொருள் எதற்குத் தேவை என்று சொல்லி வாங்கினால் அது அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்கிறது. சுவரில் ஒரு பலகை தொங்குவதால் மட்டும் அந்த உரிமை போய்விடாது. பெட்டியை வேறு கராஜில் திறக்கவே வேண்டாம்; திறந்தால் நீங்களே உடைத்தீர்கள் என்பார்கள். கியர் கழன்று வருவதைக் கைப்பேசியில் படம் பிடித்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்திலும் முறையிட வேண்டும்.

அந்தப் பற்றுச்சீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலட்சக் கணக்கில் காசை எண்ணி வாங்குபவர்கள், ‘எஞ்சின் 1’ என்று கிறுக்கிய துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் வடக்கே திரும்பிவிடுகிறார்கள். பிறகு கடைக்காரர், ‘இது நாங்கள் தந்ததே இல்லை’ என்றால் வாயடைத்து நிற்கிறார்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வணிகரின் கடமை. எஞ்சின் இலக்கம், எந்த வண்டியின் கியர் பொக்ஸ், வாயால் சொன்ன உத்தரவாதம் எத்தனை நாளுக்கு, எதற்கு என்பவை அதில் எழுதப்படும்வரை காசைக் கையிலிருந்து விடக் கூடாது. எழுத மறுக்கும் கடைக்காரர் தம் பொருளைப் பற்றித் தாமே சாட்சி சொல்லிவிட்டார்.

கேள்வி: எஞ்சின் இலக்கத்தைப் பதிவில் மாற்றுவது அவசியமா? பலர் மாற்றாமலே ஓடுகிறார்கள். (கிளிநொச்சி)

பதில்: அவசியம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்ற வேண்டும். இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டோடு இறக்குமதிச் சுங்க ஆவணத்தின் பிரதியையும் வாங்கும் நாளிலேயே கடையில் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்தக் கோப்பு அவர்களிடமே இருக்காது.