மிரர் லாக்: பிடிக்கலாம், நெரிக்கக் கூடாது

காரைக்குடி வாசகர்: 8 அங்குல ஷ்மிட்-காசிகிரெய்ன் தொலைநோக்கியில் ஃபோகஸ் குமிழைத் திருப்பினாலே சனிக்கோள் ஓரத்துக்கு ஓடுகிறது. மிரர் லாக் போட்டால் நிற்குமா?

நிற்காது. ஃபோகஸ் முடிந்த பிறகு முதன்மைக் கண்ணாடியைப் பிடித்து வைப்பதுதான் லாக்கின் வேலை. இவ்வகையில் கண்ணாடி நடுக்குழாய்மேல் வழுக்கி முன்பின் போகிறது. குமிழ் ஒரே ஓரத்தில் தள்ளுவதால், கிரீஸ் நிற்கும் இடைவெளி அளவுக்குச் சாய்கிறது. குமிழை முழுத்தூரம் இரண்டு மூன்று முறை ஓட்டிக் கிரீஸைப் பரப்புங்கள். கடைசித் திருகு கண்ணாடியை மேலே தள்ளும் பக்கமாக இருக்கட்டும். கண்ணால் பார்ப்பவருக்கு இது போதும். நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பவர் கதை வேறு. நாம் இருப்பது வடக்கு 10 டிகிரி. ஓரியன் நெபுலா போன்றவை ஏறக்குறைய உச்சியைக் கடக்கும். கிழக்கே சாய்ந்த குழாய் மேற்கே சாயும்போது கண்ணாடியும் ‘டொக்’கென்று புரளும். அதற்குத்தான் லாக்.

தேவகோட்டை வாசகர்: என் பழைய 11 அங்குலத்தில், பின்பக்கம் போக்குவரத்து போல்டுக்கான (வண்டியில் போகும்போது கண்ணாடி அசையாமல் பிடிக்கும் போல்ட்) மூன்று துளைகள் உள்ளன. அவற்றிலேயே லாக் செய்யலாமா?

தாராளமாக. பழைய போல்டின் திரெட்டை அளந்து, அதே திரெட்டில் மூன்று எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திரெட் கம்பி, மூன்று கைத்திருகு நட், மூன்று நைலான் வாஷர் வாங்குங்கள். ஃபோகஸ் நிலையில் கண்ணாடி முன்னே நிற்கும். அப்போதும் கம்பி வெளியே 20 மிமீ நீள வேண்டும். பழைய போல்ட் எத்தனை சுற்று பிடித்ததோ அத்தனை சுற்றுக்கு மேல் கம்பியைத் திருகாதீர்கள், கண்ணாடியில் முட்டலாம். நட்டோடு சேர்ந்து கம்பியும் சுற்றாமலிருக்க நடுத்தர வலு திரெட் லாக்கர் (திரெட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு பொட்டு வையுங்கள். ஃபெவிகுவிக் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்.

ஒரு நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து விலக்கி, வளையங்களைப் பார்த்தபடி மூன்று நட்டையும் மாற்றி மாற்றி அரைக்கால் சுற்றாக இறுக்குங்கள். வளையம் ஒருபக்கம் ஒதுங்கினால் கடைசியாக இறுக்கிய நட்டைத் தளர்த்துங்கள். விரல் பலம் போதும், ஸ்பானர் கூடாது. பிறகு ஃபோகஸைச் சரிபார்ப்பது கட்டாயம்: முதன்மைக் கண்ணாடி எஃப்/2 (குவியத்தூரம் விட்டத்தைப் போல் இருமடங்கு), துணைக் கண்ணாடி ஐந்து மடங்கு பெருக்குவது. ஆகவே கண்ணாடி நூறில் ஒரு மிமீ பின்வாங்கினாலே குவியம் கால் மிமீ தள்ளிப்போகும். திருத்த வேண்டுமென்றால் முதலில் நட்டைத் தளர்த்துங்கள். லாக் இருக்கும்போது குமிழைத் திருப்பினால் ஃபோகஸ் திருகின் திரெட் தேய்ந்துவிடும்.

கானாடுகாத்தான் வாசகர்: துளை இல்லாத 8 அங்குலத்தில் நானே துளையிடலாமா?

கண்ணாடியைக் கழற்றாமல் வேண்டாம், அலுமினியத் தூள் கண்ணாடியிலும் கிரீஸிலும் ஒட்டும். பின்னால் ஒரு கிரேஃபோர்டு ஃபோகஸர் (கண்ணாடியை அசைக்காமல் ஐபீஸையோ கேமராவையோ முன்பின் நகர்த்தும் கருவி) மாட்டுங்கள். அது புரளலைத் தடுக்காது, ஆனால் நுண்ஃபோகஸுக்குக் குமிழைத் தொட வேண்டியிராது.

பள்ளத்தூர் வாசகர்: 8 அங்குல எஃப்/6 நியூட்டோனியன் தொலைநோக்கியில் லாக் திருகை இறுக்கினால் காலிமேஷன் (கண்ணாடிகளின் நேர்ப்பாடு) கலைகிறது. நட்சத்திரமும் முக்கோணமாகத் தெரிகிறது.

இவை இரண்டு கோளாறுகள். லாக் திருகு கண்ணாடித் தட்டைத் தள்ளுகிறது. ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் தட்டு சாயும். கண்ணாடி சாய்வது போல் இருமடங்கு பிம்பம் சாயும். லேத் பட்டறையில் கெட்டியான ஸ்பிரிங் மூன்று வாங்கிப் போட்டால், வண்டியில் ஏற்றும்போது தவிர லாக்கே தேவைப்படாது. முக்கோணத்துக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடியின் ஓரக் கிளிப்புகள். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் தடையின்றி நுழைந்து வர வேண்டும். குழாயைத் தலைகீழாக்கினால் விழாதிருக்கவே கிளிப், அழுத்துவதற்கல்ல.