கேளுங்கள்: கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் எப்போது சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் மகளுக்குத் தாய் சேய் நல அட்டை கொடுத்து, என்ன சாப்பிட வேண்டும், எப்போது பரிசோதனைக்கு வர வேண்டும் என்றெல்லாம் நர்ஸ் சொல்லி அனுப்பினார். இந்த வழக்கம் எப்போது வந்தது?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக வந்தது. அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே தாய்மார்களே எழுதிக் கேட்டு வாங்கினார்கள்.

1912-ல் அங்கே குழந்தைகள் நலனுக்கென்று தனி அரசு அலுவலகம் வந்தது. தலைவர் ஜூலியா லாத்ராப். மறு வருஷமே கர்ப்பகாலக் கவனிப்பு பற்றி ஒரு கையேடு போட்டார்கள். எழுதிய மேரி மில்ஸ் வெஸ்ட் டாக்டர் இல்லை, ஐந்து பிள்ளைகளின் தாய், கணவரை இழந்தவர். சாப்பாடு, என்னென்ன சிக்கல் வரலாம், பிரசவத்துக்கு வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருந்தது.

அப்புறம் கடிதங்கள் குவிந்தன. 1916-ல் வயோமிங் மாநிலத்திலிருந்து ஒரு கர்ப்பிணி எழுதியதைப் படித்தால் மனசு தாங்காது. டாக்டர் இருப்பது 65 மைல் தள்ளி. கடுங்குளிரில் 7 மைல் குதிரையில் போய் இன்னொரு பெண்ணின் பிரசவத்துக்கு உதவப் பார்த்திருக்கிறார், அந்தப் பெண் பிள்ளையைப் பெற்றதும் இறந்துவிட, அந்தப் பிள்ளையையும் இவரே வைத்து வளர்க்கிறார், இப்போது தன் பிரசவத்தை நினைத்து நடுங்குகிறார். லாத்ராப் தானே பதில் எழுதினார்.

பயம் நியாயமானதுதான். அதே அலுவலகத்தில் இருந்த டாக்டர் கிரேஸ் மெய்க்ஸ் 1917-ல் கொடுத்த அறிக்கைப்படி, 1913-ல் மட்டும் குறைந்தது 15,000 பெண்கள் பிரசவத்தால் இறந்திருந்தார்கள். 15 முதல் 44 வயதுப் பெண்களின் சாவில் காசநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

1921-ல் தாய் சேய் நலனுக்காக ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் என்று ஒன்று வந்தது. நர்சுகள் ஊர் ஊராகப் போனார்கள், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்க்க, 1929-ல் அதை நிறுத்தியே விட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. அந்தச் சட்டத்திலேயே ஒரு குறையும் உண்டு: சொல்லிக்கொடுக்கலாம், தாயின் கையில் பணம் கொடுக்கக் கூடாது. நல்லா சாப்பிடு என்று சொன்னால் போதுமா, வாங்கக் காசு வேண்டாமா?

சரி, உங்கள் மகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குப் பதிவு செய்தாயிற்றா? இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது நர்ஸிடம் மறக்காமல் கேளுங்கள்.