ஓடும்போது வராத தள்ளாட்டம், முகம் கழுவும்போது ஏன் வருகிறது?

கேள்வி: எனக்கு 64 வயது. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். மூத்தோர் தடகளப் போட்டிகளில் 1500 மீட்டர் ஓடுகிறேன். நேராக ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. வளைவில் மட்டும் கால் சரியாக ஊன்றவில்லை. கண்ணை மூடி முகம் கழுவினால் உடம்பு ஆடுகிறது. சர்க்கரைக்கு 9 ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஒரு முகாமில் பாதத்தை ஸ்கேன் எடுத்துவிட்டு, ஷூவுக்குள் வைக்கிற அட்டையை 8,500 ரூபாய்க்கு வாங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முகம் கழுவும்போது ஆடுகிறது என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான்.

நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உள்காது, காலிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு மூன்றும் வேண்டும். மூன்றாவது குறைந்தால் கண் அதை ஈடுகட்டும். பகல் வெளிச்சத்தில் நேராக ஓடும்போது குறை வெளியே தெரியாது. கண்ணை மூடினால் தெரிந்துவிடும். வளைவில் உடம்பு உள்பக்கம் சாயும்போது எவ்வளவு சாய்கிறோம் என்று கணுக்கால் நொடிக்கு நொடி சொல்ல வேண்டும். உங்கள் கணுக்கால் தாமதமாகச் சொல்கிறது போலிருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் இந்த உணர்வு தானாக வளராது. தனியாகப் பழக வேண்டும்.

முகாமில் காட்டிய கலர் படம், பாதத்தில் எங்கே பாரம் அழுத்துகிறது என்று சொல்லும். பாதத்துக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று சொல்லாது. மெத்தென்ற அட்டை வைத்தால் தரை இன்னும் மங்கலாகத்தான் தெரியும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், அட்டைக்கு அடக்க விலை எவ்வளவு என்று. அப்புறம், சிகிச்சைக்கு வெளியூர் ஆட்கள் வந்து குவிகிற ஊர் இது. "ஸ்கேன் எடுத்துட்டா தெரிஞ்சிடும், நம்ம ஆள் இருக்கார்" என்று கூடவே நடந்து வருபவரை நம்பாதீர்கள். அவருடைய கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். ரத்தம் பார்க்காமலே 'நரம்பு ஊசி' பத்து போடச் சொல்பவரும் அப்படித்தான். அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் பி12 வைட்டமின். ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தால் நம்ப முடியாது. பரிசோதனை முதலில், ஊசி அப்புறம்.

மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். குறைந்தால் காலின் உணர்ச்சி மங்கும். சர்க்கரையும் அதையே செய்யும். 9 ஆண்டுகளில் யாராவது உங்கள் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்களா? பெரும்பாலும் இருக்காது. டோக்கன் வாங்கி அரை நாள் உட்கார வேண்டும், உள்ளே போனால் சர்க்கரை எண்ணைப் பார்த்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற சோதனைக்குச் சில நிமிடம் போதும். கேட்டு வாங்குங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி பயிற்சி. இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகைக் காட்டி நில்லுங்கள். முன்னால் ஒரு நாற்காலி. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் தொட்டபடி வைத்து 30 நொடி. அது எளிதானால் தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். அதுவும் சுலபமானால் கால்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நில்லுங்கள். ஒற்றைக்காலில் நிற்பது அதற்கும் அப்புறம். கொஞ்சம் ஆட வேண்டும். ஆடாமல் நின்றால் பயிற்சி உங்களுக்குப் போதவில்லை. தினமும் பத்து நிமிடம், ஓடுவதற்கு முன்னால், களைப்பில்லாதபோது செய்யுங்கள். கோட்டை மைதானத்தில் ஓடினால் சமதரையில் சில சுற்று பக்கவாட்டிலும், துணைக்கு ஒருவர் இருந்தால் பின்னோக்கியும் நடங்கள். குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

வெறுங்காலில் பழகினால் உணர்வு கூடும் என்று யாராவது சொல்வார்கள். மற்றவர்களுக்குச் சரி. உங்களுக்குக் கூடாது. பாதத்தைச் சோதித்து, உணர்ச்சி முழுதாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும் வரை வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். பாலாற்று மணலிலும், வேலூர் வெயிலில் கொதிக்கும் சிமெண்டிலும், கோயில் பிரகாரக் கல்லிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதம் சுட்டாலும் கிழிந்தாலும் சொல்லாது. புண் ஆழமான பிறகுதான் கண்ணில் படும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதே என்று இதில் சலுகை எடுக்க வேண்டாம். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். பயிற்சிக்குச் சன்னமான, கெட்டியான அடி உள்ள, காலுக்குப் பொருந்துகிற ஷூ போதும்.

திடீரென்று ஒரு பக்கம் இழுத்தாலோ, பேச்சு குழறினாலோ, நடை ஒரே நாளில் மாறினாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.